காய்ந்துபோன கூரைத் தாரையும் பசையையும் எடுப்பது எப்படி?

முதல் தடவை தார்க் கறையை எடுக்கப் போனபோது நான் செய்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிமென்ட் தளத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு தார்க் கட்டி ஒட்டிக் கிடந்தது. அதன்மேல் ஒரு டம்ளர் மண்ணெண்ணெயை ஊற்றி, ஊறட்டும் என்று சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கட்டி நன்றாக இளகியிருந்தது. கூடவே அதைச் சுற்றி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்பு நிறம் சிமென்ட்டுக்குள் இறங்கியிருந்தது. கட்டியை எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. அந்தப் பழுப்பை எடுக்க மூன்று நாள்.

தார் கரைந்ததும் காணாமல் போய்விடும் என்று நினைத்தேன். அது இடம்தான் மாறுகிறது. துணிக்குள் போக வேண்டியது சிமென்ட்டுக்குள் போய்விட்டது. கீழே நான் சொல்லும் முறைகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: முடிந்தவரை தாரைக் கெட்டியாகவே பெயர்த்து எடுக்க வேண்டும். எஞ்சியதைக் கரைக்கும்போது, கரைந்தது எங்கே போகும் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும்.

முதலில், எவ்வளவு எடுக்க வேண்டும்?

புதிதாக வருபவர்கள் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. நேராகச் சுரண்டியை எடுத்துக்கொண்டு கூரையேறிவிடுகிறார்கள். பாதி வேலை தேவையே இல்லாததாக இருக்கலாம்.

மேலே மறுபடியும் தார் வகைப் பூச்சுதான் பூசப்போகிறீர்கள் என்றால், பழைய தார் முழுவதும் போக வேண்டியதில்லை. விரிசல் விட்டது, விளிம்பு தூக்கியது, தட்டினால் பொள்ளென்று சத்தம் வருவது, இவற்றை மட்டும் பெயர்த்துவிட்டுத் தூசியைப் பெருக்கினால் போதும். புதுத் தார் பழைய தாரோடு நன்றாகவே ஒட்டும்.

பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. தாரில் உள்ள எண்ணெய்ப் பகுதி பெயின்ட் வழியாக ஊறி மேலே வரும். இரண்டு கோட், மூன்று கோட் அடித்தாலும் சில வாரங்களில் தேநீர் சிந்தியது போலப் பழுப்புத் திட்டுகள் எட்டிப் பார்க்கும். இங்கே தாரை முடிந்த அளவு எடுக்க வேண்டும். எடுத்தபின் கறை தடுக்கும் பிரைமர் ஒன்றும் வேண்டும்.

இடைவெளியை அடைக்கச் சிலிக்கான் வைக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் ஒரு பொட்டுக்கூட மிச்சம் இருக்கக் கூடாது. சிலிக்கான் தாரின்மேல் பிடிக்காது. பிடித்தது போல இருந்து, முதல் மழையிலேயே தோலாக உரிந்து வரும்.

இன்னொன்று: கூரையே தார் விரிப்பாலோ தார் ஓட்டாலோ ஆனது என்றால், அதன்மேல் உள்ள தார்ப் பூச்சை எந்தத் திரவத்தாலும் கரைக்க முயலாதீர்கள். அழுக்கு எது, கூரை எது என்று திரவத்துக்குத் தெரியாது, இரண்டையும் சேர்த்தே தின்றுவிடும். துருத்தி நிற்பதைக் குளிர்ந்த நேரத்தில் செதுக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

ஒட்டியிருப்பது என்ன?

கூரையில் பூசும் இந்தத் தாருக்குக் கூரைச் சிமென்ட் என்று பெயர் இருந்தாலும் அதில் சிமென்ட் கிடையாது. பெட்ரோலியத்திலிருந்து வரும் பிட்டுமன், அதை இளக்கி வைக்கும் ஒரு கரைப்பான், வலுவுக்கு நார், கனத்துக்குக் கல்மாவு, அவ்வளவுதான். பூசியபின் கரைப்பான் ஆவியாகிப் போவதால் அது இறுகுகிறது. வேதிமாற்றம் எதுவும் பெரிதாக நடப்பதில்லை. அதனால்தான் எத்தனை வருடம் ஆனாலும் மறுபடி கரைப்பான் பட்டால் இளகுகிறது, வெயில் பட்டால் குழைகிறது. அதனால்தான் நம்மால் அதை எடுக்கவும் முடிகிறது.

பிட்டுமனுக்கு ஒரு அண்ணன் உண்டு. நிலக்கரித் தார். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே கருப்பு. ஆனால் நிலக்கரித் தார் மோசமான சங்கதி. புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் தொகுதியில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை வைத்திருக்கிறது. தோலில் பட்டபின் வெயிலில் நின்றால் கடுமையாக எரிந்து சிவக்கும். பிரித்தறிய ஒரு எளிய சோதனை: வெள்ளைத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெயோ, பெயின்ட் இளக்கப் பயன்படும் மினரல் டர்பன்டைனோ தொட்டு, கருப்பின்மேல் தேயுங்கள். துணி உடனே அடர்ந்த பழுப்பாகவோ கருப்பாகவோ ஆனால் பிட்டுமன். சரியாகக் கரையாமல், வெளிறிய மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம் மட்டும் வந்தால் நிலக்கரித் தாராக இருக்கலாம். பாச்சை உருண்டை வாசனையும் அடித்தால் சந்தேகம் வலுக்கிறது. அதை நீங்களாகத் தொடாதீர்கள், அதற்கான ஆட்களை அழையுங்கள்.

பழைய கூரைச் சிமென்ட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்பெல்லாம் அதில் நாராகச் சேர்த்தது ஆஸ்பெஸ்டாஸ். பழைய தரை ஓடுகளுக்கு அடியில் இருக்கும் கருப்புப் பசையிலும் இது இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். கட்டடம் பழையது, எப்போது பூசியது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், சோதித்துத் தெரியும் வரை அதைக் காய்ந்த நிலையில் சுரண்டுவதோ, உப்புத்தாள் போடுவதோ, கிரைண்டர் வைப்பதோ கூடாது. இங்கே மட்டும் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சே வேண்டாம்.

கருப்பாக இல்லாமல் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தால் அது தாரே இல்லை, இடைவெளி அடைக்கும் ஏதோ ஒரு சீலன்ட் அல்லது பசை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏறுவதற்கு முன்

கூரை வேலையில் தாரைவிட ஆபத்தானது கூரைதான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பழைய பிளாஸ்டிக் ஷீட் ஆகியவற்றின்மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்து உள்ளே விழ நேரும். பலகை போட்டு, எடையைத் தாங்குசட்டங்களின்மேல் பரப்பித்தான் நிற்க வேண்டும். சரிவில் பாதுகாப்புக் கயிறு கட்டாயம். எண்ணெய் பட்ட கூரை சோப்பு போட்ட குளியலறைத் தரை மாதிரி. துடைத்த இடத்தில் நிற்காமல், துடைக்காத பக்கமாகப் பின்வாங்கிக்கொண்டே வேலை செய்யுங்கள்.

கையுறை விஷயத்தில் ஒரு சிறிய பாடம். மருத்துவமனையில் போடுகிற மெல்லிய ரப்பர் கையுறை மண்ணெண்ணெயில் ஊதிக் கிழிந்துவிடும். நைட்ரைல் கையுறை மண்ணெண்ணெய்க்கும் டர்பன்டைனுக்கும் தாங்கும், ஆனால் அசிட்டோன் அதையும் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். எந்தத் திரவம் என்று முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற கையுறையை வாங்குங்கள். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் உடைக்கும்போது தார்ச் சில்லு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

குளிரில் உடைப்பது

இதுதான் முக்கியமான கட்டம். கூரையில் நல்ல வெயிலில் ஏறி, தார் இளகியிருக்கிறதே, எளிதாக வரும் என்று சுரண்ட ஆரம்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வராது. மிட்டாய் போல இழுபடும், தகட்டில் சுற்றும், சுத்தமான இடத்திலும் பூசிக்கொண்டு வரும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முன்பைவிட இரண்டு மடங்கு பரப்புக்குக் கருப்பு.

விடிகாலையில் போங்கள். இரவெல்லாம் குளிர்ந்த தார் கல் மாதிரி இருக்கும். பட்டி பூசுகிற தகடு, அல்லது அகலமான பழைய உளி, ஒரு சின்னச் சுத்தியல் போதும். தகட்டைத் தளத்தோடு ஏறக்குறையப் படுக்க வைத்து, தார்க்கட்டியின் நடுவில் கைவைக்காமல் விளிம்பில் கொடுங்கள். சுத்தியலால் லேசாக, ஆனால் வெடுக்கென்று தட்டுங்கள். ‘டக்’ என்று சத்தம் வந்து விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தால் நேரம் சரி. சத்தமே இல்லாமல் தகடு உள்ளே அமுங்கினால் தார் இன்னும் சூடாக இருக்கிறது, நிறுத்துங்கள். அந்தச் சத்தத்தைப் பழகிக்கொண்டால் வேறு கருவி எதுவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டே எது வரும், எது வராது என்று சொல்லலாம்.

குளிர் போதவில்லை என்றால் நாமே உண்டாக்கலாம். உடைத்த பனிக்கட்டியில் ஒரு கை உப்பைக் கலந்து, கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி, தாரின்மேல் 15, 20 நிமிடம் வையுங்கள். உப்பு சேர்ந்த பனிக்கட்டி பூஜ்யத்துக்கும் கீழே குளிரும். உப்புநீர் தகரத்தில் பட்டால் துருப்பிடிக்கும், அதனால் பை ஒழுகாமல் இருக்க வேண்டும். உலர்பனி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, கிடைத்தால் இன்னும் வேகம். அது மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். வெறும் கையால் தொடக் கூடாது, மூடிய அறையில் வைக்கக் கூடாது, கண்ணாடியிலும் ஓட்டிலும் வைத்தால் திடீர்க் குளிரில் அவையே விரிசல் விடலாம்.

குளிர் எதற்கும் மசியாத கனமான படலம் இருந்தால் மட்டும் சூட்டுக்குப் போகலாம். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் குறைந்த அளவில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே, தார் பளபளக்க ஆரம்பித்ததும் தகட்டால் வழித்து ஒரு தகர டின்னின் விளிம்பில் துடைத்துவிடுங்கள். புகை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். தீப்பந்தம் போன்ற டார்ச் வேண்டவே வேண்டாம். ஓட்டுக்கு அடியில் இருக்கும் மரச்சட்டமோ பறவைக்கூடோ பற்றிக்கொண்டால் நீங்கள் இறங்கிய பிறகுதான் தெரியும். கரைப்பான் தொட்ட இடத்தில் அதற்குப்பின் ஹீட் கன்னைக் காட்டக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டித் தேய்க்கலாமே என்று தோன்றும். சக்கரத்தின் உராய்விலேயே தார் உருகி, உங்கள் சட்டையிலும் பக்கத்துச் சுவரிலும் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். உப்புத்தாளும் நான்கு இழுப்பில் அடைத்துக்கொள்ளும். தார் பிசுபிசுப்பாகவே இருந்து தொல்லை தந்தால், அதன்மேல் மெல்லிய மணலையோ டால்க் பொடியையோ தூவிவிட்டுச் சுரண்டிப் பாருங்கள். தகட்டில் ஒட்டுவது பாதியாகக் குறையும்.

மிச்சத்தைக் கரைப்பது

இப்போது கட்டிகள் போய், கருப்பு நிழல் மாதிரி ஒரு படலம் மட்டும் இருக்கும். இதற்குத்தான் கரைப்பான்.

தார் எண்ணெய்க் குடும்பம். எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. மெதுவானதில் தொடங்கி மேலே போவது என் வழக்கம். சமையல் எண்ணெய் மெதுவாகக் கரைக்கும், ஆனால் யாருக்கும் கெடுதல் செய்யாது. ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் கலந்த கிளீனர்கள் நன்றாகவே வேலை செய்யும். மண்ணெண்ணெயும் மினரல் டர்பன்டைனும் நடுத்தரம், பெரும்பாலான வேலைக்கு இவை போதும். சைலீன், டொலுயீன் கலந்த தின்னர் வேகமானது, ஆனால் அதன் ஆவி தலையைச் சுற்றவைக்கும். திறந்த வெளியில், ஆவி வடிகட்டி உள்ள முகமூடியோடு மட்டும். அசிட்டோன் பல பசைகளுக்கு நல்ல மருந்து, தாருக்கு அவ்வளவாக உதவாது. பாதி கரைத்துவிட்டு மீதியைக் கருந்துகளாக விட்டுவிடும்.

பெட்ரோல் மட்டும் கூடவே கூடாது. உறைய வைக்கும் குளிரிலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடுவது அது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கும் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். மண்ணெண்ணெய் பத்திரம் என்று நினைப்பதிலும் ஒரு பிழை இருக்கிறது. அது ஏறத்தாழ 40 டிகிரியில் பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கும். வெயிலில் காய்ந்த தகரக் கூரை அதைவிடச் சூடாக இருக்கும். ஆக, இந்த வேலைக்கும் விடிகாலைதான், அல்லது மாலை.

முறை எளிது. திரவத்தைத் தரையில் ஊற்றாதீர்கள், துணியில் ஊற்றுங்கள். நனைந்த துணியைக் கறையின்மேல் விரித்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, 10 நிமிடம் விடுங்கள். அப்புறம் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். நடுவிலிருந்து வெளியே துடைத்தால் நீங்களே கறையை வளர்க்கிறீர்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கம். ஒரு துணியை எட்டாக மடித்தால் பதினாறு பக்கம் கிடைக்கும், கஞ்சத்தனம் வேண்டாம். கருப்பான பக்கத்தால் மறுபடி துடைப்பது பெயின்ட் அடிப்பதற்குச் சமம். துணியில் வெளிறிய காபி நிறம் மட்டும் வரும்போது நிறுத்திவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

முடிந்ததா என்று பார்க்கக் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, இன்னொரு முறை சோப்பு. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராக பிரைமர் அடித்தால் அது பிடிக்காது.

எதன்மேல் ஒட்டியிருக்கிறது?

சிமென்ட், செங்கல், சுட்ட ஓடு இவைதான் தலைவலி, ஏனென்றால் இவற்றுக்கு நுண்துளைகள் உண்டு. துடைத்தால் மேலே உள்ளது வரும், உள்ளே இறங்கியது வராது. அதற்குப் பற்றுப் போட வேண்டும், தலைவலிக்குப் போடுகிற மாதிரியே. டால்க் பொடி அல்லது வெள்ளைக் களிமண் பொடியை மினரல் டர்பன்டைனில் குழைத்து, தயிர்ச்சோறு பதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கறையைத் தாண்டி நான்கு விரல் அகலம் அதிகமாக, ஒரு விரல் கனத்துக்கு அப்புங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். 24 மணி நேரம் கழித்துத் தாளை எடுத்துவிட்டு, பற்றைக் காயவிடுங்கள். காய்வதுதான் முக்கியமான நேரம். திரவம் மேலே ஏறி ஆவியாகும்போது தாரையும் பொடிக்குள் இழுத்துக்கொண்டு வரும். காய்ந்த பொடியைத் தட்டி எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் பழுப்பாக இருக்கும். மறுபடி போடுங்கள். என் தட்டு அளவுக் கறைக்கு மூன்று பற்று ஆனது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். கொஞ்சம் நிழல் அப்படியும் மிஞ்சியது, வருடக்கணக்கில் வெயில் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

துத்தநாகம் பூசிய தகரத்தில் கம்பி பிரஷ் வேண்டாம். தாரோடு துத்தநாகமும் போய்விடும், அடுத்த மழையில் அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் தகடு, நைலான் பிரஷ், மண்ணெண்ணெய்த் துணி போதும். காஸ்டிக் சோடா கலந்த கிளீனர்களும் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும்.

ஒளி வருவதற்காகப் போடும் பாலிகார்பனேட் ஷீட்டில் தின்னரும் அசிட்டோனும் பட்டால் கண்ணெதிரிலேயே வெளுத்து, நூல் நூலாக விரிசல் விடும். மண்ணெண்ணெயைத் துணியில் லேசாகத் தொட்டுத் துடைத்து, உடனே சோப்புநீரால் கழுவிவிட வேண்டும். அதையும் ஒரு மூலையில் சோதித்துவிட்டு. கருப்பு ரப்பர் விரிப்புக் கூரையில் பெட்ரோலிய வகைத் திரவங்கள் எதுவும் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். கூரைக்கு அடியில் தெர்மாகோல் பலகை இருந்தால் விளிம்பில் கரைப்பான் வழியாமல் பாருங்கள்; ஒரு குழியாகக் கரைந்து காணாமல் போய்விடும்.

கண்ணாடி சுலபம். சோப்புநீர் விட்டுப் புது பிளேடால் ஒரே திசையில் வழித்தால் வந்துவிடும். மரத்தில் சுரண்டி எடுத்தபின் மிச்சம் இருந்தால், இழையோடு போகுமாறு ஒரு மயிரிழை சீவி எடுப்பதுதான் வழி. கரைத்தால் இழைக்குள் இறங்கும்.

தார் அல்லாத பசைகள்

சாம்பல் நிறத்தில் சூயிங்கம் போல இழுபட்டால் அது பியூட்டைல் டேப். அதே டேப்பின் ஒரு உருண்டையைப் பிசைந்து, மிச்சத்தின்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால் தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். கடைசிப் பிசுக்கை மினரல் டர்பன்டைன் எடுத்துவிடும்.

அமுக்கினால் எழும்பி வரும் ரப்பர் போன்றது சிலிக்கானாக இருக்கும். காய்ந்த சிலிக்கானைக் கரைக்க வீட்டில் எந்தத் திரவமும் இல்லை. கத்தியால் நீளவாக்கில் அறுத்து உரித்து, மீதியைப் பிளாஸ்டிக் தகட்டால் தேய்த்து உருட்டி எடுக்க வேண்டும். பாலியூரிதேனும் அப்படித்தான்: ஈரமாக இருக்கும்வரை அசிட்டோன் கேட்கும், இறுகியபின் கத்திதான். எபாக்சி, சூடு காட்டினால் கொஞ்சம் மென்மையாகும், அப்போது தகட்டைச் செருகிப் பார்க்கலாம். தண்ணீரில் கலந்து வரும் அக்ரிலிக் வகைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது.

கை, கால், கழிவு

கையில் ஒட்டிய தாருக்கு மண்ணெண்ணெயைப் போடுவது பழைய பழக்கம். தோல் வறண்டு வெடிக்கும், வேண்டாம். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ போட்டு ஐந்து நிமிடம் தேய்த்துவிட்டுச் சோப்புப் போடுங்கள், போய்விடும். சூடான உருகிய தார் பட்டுவிட்டால் மட்டும் வேறு: உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் போங்கள். பிய்த்தால் தோலும் வரும்.

துடைத்த மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு மூடியுள்ள டின்னில் இரண்டு நாள் அசையாமல் வைத்தால் கல்மாவும் நாரும் அடியில் தங்கும். மேலே நிற்பது கருப்பாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த முறை முதல் துடைப்புக்கு அதுவே போதும். அடிச்சேற்றை மணலில் கலந்து, உங்கள் பகுதியில் அபாயக் கழிவை எப்படி வாங்குகிறார்களோ அப்படிக் கொடுத்துவிடுங்கள்.

எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஆளி விதை எண்ணெய் போன்ற காயும் எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து தாமாகவே சூடேறும். குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல், யாரும் தீக்குச்சி உரசாமலே பற்றிக்கொள்ளும். எந்த எண்ணெய் என்று யோசித்துக்கொண்டு நிற்காமல், எல்லாவற்றையும் தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் அமுக்கி மூடிவிடுங்கள்; அல்லது ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள். நான் கொடியில்தான் போடுவேன். காய்ந்து விறைத்த துணியை அடுத்த கூரைக்கு மடித்து எடுத்துக்கொண்டு போகலாம்.